சின்னத் தொழிலுக்குப் பெயர் வைப்பது எப்படி? காதில் விழுந்ததும் கைக்கு வருகிற பெயரைத் தேடும் வழி

நான் கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் செய்கிறேன். தொழிலைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘எழிலேடு’. எழில், ஏடு. தாளில் எழுதிப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. ஒரு மாலை முழுக்க அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரமே ஒரு போன் வந்தது.

“எங்கேயிருந்து பேசறீங்க?”

“எழிலேடுங்க.”

“எழிலோடவா? எழில் யாரு?”

“இல்லைங்க, எழில், அப்புறம் ஏடு. ஏட்டுச் சுரைக்காய்னு சொல்றோமே, அந்த ஏடு.”

“ஏழு ஏடா? சரி சரி. இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்? இசட் எச் போடணுமா, எல் போட்டா போதுமா?”

இந்த உரையாடல் இரண்டு வருடம் நடந்தது, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் பழைய பார்சல் சீட்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். என் பெயர் ஏழு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதைவிட வலித்தது வேறொன்று. என் நோட்டை வாங்கியவர் ஒருவர் தன் தோழியிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறார். தோழி தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். அப்படி எத்தனை பேர் விட்டார்களோ, கணக்கு எடுக்க வழியே இல்லை.

பெரிய நிறுவனம் என்றால் விளம்பரம் போட்டுப் பெயரை மண்டையில் ஏற்றிவிடும். நமக்கு விளம்பரம் என்பது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போவதுதான். பெயர் அந்தத் தூரத்தைச் சிதையாமல் கடக்க வேண்டும். கேட்டவருக்குத் திரும்பச் சொல்ல வர வேண்டும், திரும்பச் சொன்னதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அழகு, அர்த்தம், ஆழம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தொழிலை மூன்று வரியில் எழுதுங்கள்

பெயர் தேட உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று வரி. என்ன செய்கிறேன்? யாருக்காகச் செய்கிறேன்? ஐந்து வருடம் கழித்து வேறு என்னவெல்லாம் செய்துகொண்டிருக்கலாம்?

மூன்றாவது வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. இன்றைக்குச் செய்வதை அப்படியே பெயராக வைத்துவிட்டு, நாளைக்கு வேலை விரியும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வாழ்த்து அட்டை மட்டும் செய்கிறவர் ‘வாழ்த்து அட்டை நிலையம்’ என்று வைத்தால், நாட்காட்டி செய்ய ஆரம்பிக்கும் நாளில் அந்தப் பெயர் பொய் சொல்லத் தொடங்கும். ஊர்ப் பெயர், தெருப் பெயர் சேர்ப்பதிலும் இதே சிக்கல் உண்டு. இடம் மாறினால் பெயர் பின்தங்கிவிடும். ஒரே இடத்தில் இருந்து அக்கம்பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே சேவை செய்யப் போகிறீர்கள் என்றால் ஊர்ப் பெயர் உதவியாகவே இருக்கும். அது உங்கள் மூன்றாவது வரியைப் பொறுத்தது.

இரண்டாம் படி: எந்த வகைப் பெயர் என்று முடிவு செய்யுங்கள்

1976இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற கடை தொடர்ந்த வழக்கில் வணிகப் பெயர்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கிக் காட்டியது. வழக்கு அந்த நாட்டுச் சட்டம் சம்பந்தப்பட்டது. ஆனால் பெயர் வைக்கிற யாருக்கும் அந்தப் படிக்கட்டு பயன்படும். கீழ்ப்படியில் இருக்கும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, மேலே போகப் போகப் பாதுகாப்பு கூடும்.

அடியில் இருப்பது பொருளின் பொதுப்பெயர். நோட்டு விற்பவர் ‘நோட்டு’ என்றே வைப்பது. அதை யாரும் தனக்கு மட்டும் என்று சொந்தம் கொண்டாட முடியாது.

அடுத்தது விவரிக்கும் பெயர். ‘தரமான நோட்டுகள்’, ‘விரைவு பைண்டிங்’. என்ன வேலை என்று உடனே புரியும். ஆனால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் ‘நல்ல நோட்டுகள்’ என்று திறந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தேடினாலும் ஆயிரம் பேருக்கு நடுவில் நீங்கள் ஒருவர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். ‘பார்த்தவுடன் புரிய வேண்டும்’ என்ற பயம் அவர்களைத் தள்ளுகிறது.

மூன்றாவது, குறிப்பால் உணர்த்தும் பெயர். நேராகச் சொல்லாது. ஆனால் விஷயம் தெரிந்த பிறகு ‘அட, ஆமாம்!’ என்று தோன்றும். நான்காவது, தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரணச் சொல். கணினிக்கு ஆப்பிள் என்று வைத்தது இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். உச்சியில் இருப்பது புதிதாகப் பின்னிய சொல். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பதிவு செய்த ‘கோடாக்’ அப்படிப்பட்டது. அவருக்கு ‘கே’ என்ற எழுத்து மேல் தனிப் பிரியம். அந்த எழுத்திலேயே தொடங்கி அதிலேயே முடிகிற சொல்லைத் தேடி உருவாக்கினார். சொல் சின்னதாக இருக்க வேண்டும், தப்பாக உச்சரிக்க வழி இருக்கக் கூடாது, வேறு எதையும் நினைவூட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் போட்டுக்கொண்ட கணக்கு. நூற்று முப்பது வருடம் தாண்டியும் அந்தக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை.

சின்னத் தொழிலுக்கு எது நல்லது? என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வகை. புதிதாகப் பின்னிய சொல்லுக்கு அர்த்தத்தை ஊட்டிப் பழக்க வேண்டும், அதற்குக் காலமும் பணமும் வேண்டும். விவரிக்கும் பெயர் கூட்டத்தில் கரைந்துவிடும். குறிப்பால் உணர்த்துகிற சொல் ஏற்கனவே வாயில் புழங்குகிறது, உங்கள் வேலையோடு அதற்கு ஒரு நூலிழை உறவும் இருக்கிறது. கேட்டவர் அந்த உறவைத் தானே கண்டுபிடிப்பார், தானே கண்டுபிடித்ததை எளிதில் மறக்கவும் மாட்டார்.

சொந்தப் பெயரையே வைக்கலாமா? வைக்கலாம். உங்கள் கைத்திறனை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்றால் அதைவிட நேர்மையான பெயர் கிடையாது. தையற்காரர், ஓவியர், புகைப்படக்காரர், ஆலோசகர் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் இரண்டு விஷயங்களை யோசித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தொழிலை இன்னொருவருக்குக் கைமாற்றினால் உங்கள் பெயரும் கூடவே போகும். தொழிலில் ஆட்கள் சேர்ந்த பிறகும் ‘நீங்களே வந்து செய்து கொடுங்கள்’ என்று கேட்பார்கள். பெயரைச் சுருக்கி வைப்பதும் ஒரு வழி. ஆடி டாஸ்லர் 1949இல் தன் பெயரை மடித்து ‘அடிடாஸ்’ ஆக்கினார். அவர் அண்ணன் ருடால்ஃப் முதலில் அதே முறையில் ‘ருடா’ என்று வைத்துவிட்டு, பிறகு ‘பூமா’ என்று மாற்றிக்கொண்டார். ஒரே முறை ஒருவருக்கு நன்றாக வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை. எழுத்துகள் சேரும் ஓசையைப் பொறுத்த விஷயம் அது.

மூன்றாம் படி: நூறு பெயர் சேருங்கள்

ஆமாம், நூறு. முதல் இருபது எல்லோருக்கும் தோன்றுகிறவை. அடுத்த முப்பது அவற்றின் நிழல். ஐம்பதைத் தாண்டும்போது மனம் சலித்து, வழக்கமான பாதையை விட்டு விலக ஆரம்பிக்கும். நல்லது அங்கேதான் கிடக்கும்.

எங்கே தேடுவது? அகராதியில் ‘அழகு’, ‘சிறப்பு’ ஆகியவற்றுக்கு இணைச்சொல் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். எழில், வனப்பு, பொலிவு என்று போகும் அந்தப் பாதையில்தான் நான் வழுக்கி விழுந்தேன். அதற்குப் பதில் உங்கள் மேசையைப் பாருங்கள். என்னென்ன கருவி இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் தொழிலில் என்ன பெயர்? கை என்ன செய்கிறது: மடிக்கிறதா, கோர்க்கிறதா, தேய்க்கிறதா, அளக்கிறதா? வேலை நன்றாக வந்தால் உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்வீர்கள்? வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் அதை வைத்து என்ன செய்வார்? அவர் உங்களைப் பாராட்டும்போது எந்தச் சொல்லைச் சொல்கிறார்? அந்தச் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

என் இரண்டாவது பட்டியலில் ஊசி, நூல், முதுகு, விளிம்பு, கோர்வை, மடிப்பு, ஃபாரம் (புத்தகத்துக்காக மடித்த பெரிய தாள்) எல்லாம் இருந்தன. ஒரு பெரிய தாளை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் வரும். என் நோட்டு எல்லாமே அந்த மடிப்பில்தான் தொடங்குகிறது. ஒருநாள் மடித்துக்கொண்டிருக்கும்போதே ‘நாலுமடி’ என்று வாயில் வந்தது. எழுதி வைத்தேன். எழுபதைத் தாண்டிய எண்ணில் எங்கேயோ இருந்தது, அன்றைக்குப் பெரிதாகத் தோன்றவும் இல்லை.

இந்தப் படியில் யாரையும் கூட்டாதீர்கள். நாலு பேர் உட்கார்ந்து பெயர் யோசித்தால், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பெயர்தான் மிஞ்சும். ஆட்சேபம் இல்லாத பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஒரு வாரம் தனியாகச் சேருங்கள். சேர்க்கும்போது அடிக்காதீர்கள், சேர்த்து முடித்த பிறகு ஒரே மூச்சில் அடியுங்கள். பத்துப் பன்னிரண்டு மிஞ்சினால் போதும்.

நான்காம் படி: காதுச் சோதனை

இதற்கு மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

பெயரை அறியாத ஒருவருக்குப் போன் செய்யுங்கள். நேரில் வேண்டாம், போனில்தான் செய்ய வேண்டும். உதட்டசைவு தெரியக் கூடாது, கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணமாக, வேகமாக, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: “வணக்கம், இன்ன பெயரிலிருந்து பேசறேன்.” அப்புறம் சும்மா இருங்கள். அவர் ‘என்ன?’ என்று கேட்டால் அது ஒரு குறி. சொன்னதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்துப் பேரிடம் இதைச் செய்யுங்கள். இருவர் தப்பாக எழுதினால் கவலைப்படலாம். நான்கு பேர் தப்பாக எழுதினால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றையும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய ஒலிகள் பெரியவர் வாயில் எப்படி மாறும், இலக்கியச் சொல் பிள்ளை காதில் எப்படி விழும் என்று அப்போதுதான் தெரியும்.

மறுநாள் அதே ஆட்களுக்கு மறுபடி போன் செய்து, “நேற்று ஒரு பெயர் சொன்னேனே, என்ன அது?” என்று கேளுங்கள். இந்த இரண்டாவது போனைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல பெயர் எது என்று உண்மையில் சொல்வது அதுதான். எனக்குப் பிடித்த மூன்று பெயர்களை யாருக்கும் நினைவில்லை. ‘நாலுமடி’யை ஏழு பேர் சொன்னார்கள். ஒருவர் “நாலு மடங்கா?” என்று கேட்டார். அதுவும் பாதி கிணறு தாண்டியது போலத்தான்.

எளிதாகச் சொல்ல வருகிற பெயருக்கு ஆதாயம் உண்டு என்பது என் அனுபவம் மட்டுமல்ல. ஆடம் ஆல்டர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் பங்குச் சந்தையை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உச்சரிக்க எளிதான பெயர் கொண்ட பங்குகள், புதிதாகச் சந்தைக்கு வந்த நாட்களில், வாயில் நுழையாத பெயர் கொண்டவற்றைவிட நன்றாக ஏறியிருந்தன. கணக்குப் பார்த்துப் பணம் போடுகிற இடத்திலேயே இப்படி என்றால், கடைத்தெருவில் சொல்ல வேண்டியதே இல்லை.

ஓசைக்கே ஒரு வடிவம் உண்டு. கூர் கூராக ஒரு உருவமும் உருண்டை உருண்டையாக ஒரு உருவமும் காட்டி, இவற்றில் ‘கிக்கி’ எது, ‘பூபா’ எது என்று கேட்டால், பெரும்பாலோர் கூரானதைக் கிக்கி என்பார்கள். வுல்ஃப்கேங் கோலர் 1929இல் வேறு சொற்களை வைத்து இதைக் கவனித்தார். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அதை விரிவாக எழுதினார்கள். ஆகவே கத்தி தீட்டுகிற தொழிலுக்கு ‘மோ’, ‘லூ’ என்று உருளும் பெயரும், குழந்தைத் துணிக்கு ‘கிட்’, ‘டக்’ என்று வெட்டும் பெயரும் கொஞ்சம் இடிக்கும். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பெயருக்கு நடுவில் தடுமாறும்போது தராசில் போடும் சின்னக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்துச் சோதனை

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்கு இது தனிப் பாடம். பெயர் தமிழில் பிறந்தாலும் இணைய முகவரியிலும் வங்கிக் கணக்கிலும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வாழப்போகிறது. அங்கே போகும்போது எது உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

ழ வந்தால் ‘இசட் எச்’ போடுகிறவர்கள் உண்டு, ‘எல்’ போடுகிறவர்கள் உண்டு. ள, ல இரண்டும் ஒன்றாகிவிடும். ற, ர, அப்படியே ண, ன. நெடில் வந்தால் ‘ஏ’ ஒன்றா இரண்டா? ஊ வந்தால் ‘யூ’வா, இரண்டு ‘ஓ’வா? க, ச, ட, த, ப ஐந்துக்கும் இடத்துக்கு இடம் ஒலி மாறும். ‘பூமி’ என்று தமிழில் ஒரே விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ‘பி’யில் எதைப் போடுவது என்று ஆளாளுக்கு ஒரு முடிவு எடுப்பார்கள். பாருங்கள், அந்த இரண்டு எழுத்தின் பெயரையும் இங்கே எழுதிக் காட்டக்கூட எனக்கு ஒரே ‘பி’தான் இருக்கிறது.

இதற்காகத் தமிழ்ப் பெயரை விட்டு ஓட வேண்டியதில்லை. ம, ந, ர, வ, ய போன்ற எழுத்துகள் வருகிற, குறில் அதிகமான சொல் சிக்கலில்லாமல் கடக்கும். மீறி ஒரு இடத்தில் சந்தேகம் வந்தால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் நீங்களே வாங்கி வைத்துவிடலாம். ‘நாலுமடி’யில் முதல் எழுத்துக்கு ‘ஏ’ ஒன்றா இரண்டா என்ற ஒரே கேள்விதான் வந்தது. இரண்டு முகவரியும் என்னிடம் இருக்கின்றன. ‘எழிலேடு’வுக்கு அப்படிச் செய்யப் போயிருந்தால் ஏழு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு வைப்பது, நடுவில் எண்ணைச் செருகுவது, எழுத்தை விழுங்குவது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வாயால் விளக்க வேண்டி வரும்.

ஆறாம் படி: வேறு மொழியில் என்ன அர்த்தம்?

உங்கள் பொருள் போகக்கூடிய இடங்களின் மொழி தெரிந்தவர்கள் இருவரிடம் கேட்டுவிடுங்கள், போதும். மிட்சுபிஷியின் பஜேரோ வண்டி, ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளில் மொன்டெரோ என்ற பெயரில்தான் விற்றது, ஏனென்றால் முதல் பெயர் அந்த மொழியில் கொச்சையான வசவு. சோனி பிறந்த கதையும் இப்படித்தான். ஒலியைக் குறிக்கும் ‘சோனஸ்’ என்ற லத்தீன் சொல்லும், சிறுவனை அழைக்கும் ‘சன்னி’ என்ற ஆங்கிலச் சொல்லும் அவர்கள் மனதில் இருந்தன. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தால் ஜப்பானியர் ‘சொன்னி’ என்று படிப்பார்கள், அது ‘நஷ்டம்’ என்ற பொருளை நினைவூட்டும். ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டார்கள். நிறுவனம் 1946இல் தொடங்கியது, 1958இல் அந்தச் சின்னப் பெயரையே நிறுவனத்தின் பெயராகவும் ஆக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய நீளமான ஜப்பானியப் பெயர் வெளிநாட்டவர் வாயில் நுழையவில்லை.

இன்னொரு கதையும் உங்கள் காதுக்கு வரும். செவர்லே நோவா என்ற கார், ஸ்பானிஷில் ‘நோ வா’ என்றால் ‘ஓடாது’ என்பதால் விற்கவில்லை என்பார்கள். அதை நம்பாதீர்கள். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்த வண்டி நன்றாகவே ஓடியது. எல்லா மொழியிலும் எல்லா அர்த்தத்தையும் பார்த்துப் பயந்தால் பெயரே வைக்க முடியாது. வசவு, சாவு, நோய் இந்த மூன்றும் இல்லையென்றால் மேலே போகலாம். சாவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜெஃப் பெசோஸ் 1994இல் முதலில் வைத்த பெயர் ‘கடாப்ரா’. போனில் கேட்ட வழக்கறிஞருக்கு அது ‘பிணம்’ என்ற ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. பிறகுதான் அமேசான் வந்தது. நான்காம் படியின் போன் சோதனை அவருக்கும் ஒரு பெயரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

ஏழாம் படி: வேறு யாராவது வைத்திருக்கிறார்களா?

இங்கே பலர் ஒரு பெரிய குழப்பத்தில் இருக்கிறார்கள். நிறுவனப் பெயர்ப் பதிவு, வணிகக்குறிப் பதிவு (டிரேட்மார்க்), இணைய முகவரி மூன்றும் வேறு வேறு. ஒன்று கிடைத்ததால் மற்ற இரண்டும் உங்களுடையது ஆகிவிடாது. நிறுவனப் பதிவாளர் உங்கள் பெயரை ஏற்றுக்கொண்ட பிறகும், வணிகக்குறியைப் பதிந்து வைத்திருக்கும் ஒருவர் வந்து ‘அதைப் பயன்படுத்தாதே’ என்று சொல்ல முடியும். மூன்று பூட்டு, மூன்று சாவி.

தேடும் வரிசை இது. முதலில் சாதாரணத் தேடுபொறி, பெயர் மட்டும், பிறகு பெயரோடு உங்கள் தொழில். அடுத்து வரைபடச் செயலி, சமூக ஊடகங்கள், செயலிக் கடைகள். அதற்கப்புறம் உங்கள் நாட்டு நிறுவனப் பதிவேடு, வணிகக்குறிப் பதிவேடு. பெரும்பாலான நாடுகளில் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் பல நாடுகளின் வணிகக்குறிகளை ஒரே இடத்தில் தேட இலவசத் தரவுத்தளம் வைத்திருக்கிறது.

தேடும்போது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். சட்டம் கேட்கிற கேள்வி, ‘வாங்குகிறவர் குழம்புவாரா?’ என்பது. ஒலி ஒத்திருந்தாலே போதும், குழப்பம் வந்துவிடும். அதனால் உங்கள் காதுச் சோதனையில் ஆட்கள் தப்பாக எழுதி அனுப்பினார்களே, அந்த வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வணிகக்குறி வகைவாரியாகப் பதியப்படுகிறது. 1957இல் நீஸ் நகரில் செய்த உடன்பாட்டிலிருந்து வந்த பட்டியலில் இப்போது 45 வகைகள் இருக்கின்றன: பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11. நோட்டுகள், காகிதப் பொருட்கள் எல்லாம் 16ஆம் வகை. ஆடைகள் 25. ஆகவே வேறு வகையில் யாரோ அதே பெயரை வைத்திருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஆனால் முதல் படியின் மூன்றாவது வரியை இங்கே எடுத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் கோர் 1968இலிருந்து இருந்தது. கணினி செய்த ஆப்பிள் பின்னால் வந்தது. 1981இல், நீங்கள் இசைப் பக்கம் வரக் கூடாது என்ற ஏற்பாட்டோடு சமாதானம் ஆனார்கள். கணினியே இசைக் கருவியாக மாறியபோது சண்டை மறுபடி வந்தது, 2007 வரை இழுத்தது. இரண்டு பக்கமும் அதைத் தாங்குகிற வசதி இருந்தது. நமக்கு இருக்காது. ஐந்து வருடத்தில் நீங்கள் நுழையக்கூடிய வகைகளையும் சேர்த்தே தேடிவிடுங்கள்.

முதலில் பயன்படுத்தியவருக்கு உரிமையா, முதலில் பதிந்தவருக்கா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு முன்னுரிமை, சீனாவில் பதிவுக்கு. உங்கள் நாட்டில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெயரில் உண்மையாகவே நிறையப் பணம் போடப்போகிறீர்கள் என்றால், இந்த ஒரு படிக்கு வழக்கறிஞரிடம் போவது வீண்செலவு ஆகாது.

எட்டாம் படி: இணைய முகவரி

முகவரியின் ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்து வரை போகலாம். ஆனால் பதினைந்தைத் தாண்டினாலே தட்டச்சில் தவறு வரும். நடுவில் கோடு வேண்டாம், போனில் சொல்லும்போது அது எப்போதும் தொலைந்துவிடும். சொற்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதிப் பாருங்கள். தப்பான இடத்தில் பிரித்துப் படிக்க வாய்ப்பிருந்தால் யாராவது கட்டாயம் அப்படிப் படிப்பார்கள். ‘டாட் காம்’ கிடைக்கவில்லை என்பதற்காக நல்ல பெயரைக் கைவிட வேண்டாம், நாட்டு முகவரியோ தொழிலைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சேர்த்த முகவரியோ போதும். ஆனால் அந்த ‘டாட் காம்’ உங்கள் தொழிலையே செய்யும் இன்னொருவரிடம் இருந்தால் கைவிடுங்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் அங்கே போய் நிற்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. என் முதல் தளத்தைச் செய்து கொடுத்தவர், முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், நானும் கேட்கவில்லை. பின்னால் அவர் வேறு வேலைக்குப் போய், மின்னஞ்சலும் மாறி, அந்த முகவரியை என் கைக்குக் கொண்டுவர ஐந்து மாதம் பிடித்தது. புதுப்பிக்கும் தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் வரவில்லை. முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் நீங்களே வாங்குங்கள். அது சொந்தச் சொத்தும் இல்லை, வாடகைதான். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள்.

ஒன்பதாம் படி: கடைசி மூன்று பெயரோடு இரண்டு வாரம் இருங்கள்

இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு மூன்றுதான். ஒவ்வொன்றையும் பில் தலைப்பில் போட்டு அச்சடியுங்கள். பலகை அளவில் எழுதித் தெருவின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். கைபேசித் திரையில் சின்ன வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் பேசுவதாக நினைத்துச் சொல்லிப் பாருங்கள்: “மன்னிக்கணும், நாலுமடியிலிருந்து பேசறேன்.” அந்த நேரத்தில் வாய் கூசுகிற பெயர் வேண்டாம். எனக்கு ஒரு பெயர் அங்கேதான் கழன்றது. ரொம்பச் சிரிப்பான பெயர் அது.

மற்றவரிடம் கேட்பதற்கு இதுதான் நேரம். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிரியமுள்ளவர்கள் ‘நல்லாயிருக்கு’ என்பார்கள், மற்றவர்கள் தங்கள் ரசனையைச் சொல்வார்கள். இரண்டும் உதவாது. “இந்தப் பெயரில் ஒரு கடை இருந்தா, அங்க என்ன விப்பாங்கன்னு நினைக்கறீங்க? விலை அதிகமா இருக்குமா, குறைவா? யார் நடத்துவாங்க?” என்று கேளுங்கள். பதில்கள் உங்கள் மூன்று வரியோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். தொழிலைச் சரியாக ஊகிக்கவில்லை என்றால் பரவாயில்லை, அதற்குப் பெயருக்குக் கீழே ஒரு வரி போதும். ‘நாலுமடி: கையால் தைத்த நோட்டுகள்.’ விளக்குகிற பாரத்தை அந்த வரி சுமக்கட்டும். நாளைக்கு வேலை விரிந்தால் வரியை மாற்றலாம், பெயரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மலிவுக் கடை என்று நினைத்தால், அல்லது வேறொரு வயதினருக்கானது என்று நினைத்தால், அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: ஒரே நாளில் பூட்டுங்கள்

முடிவு செய்த அன்றே முகவரி, மின்னஞ்சல், சமூக ஊடகப் பெயர்கள், எழுத்துக்கூட்டல் மாறிய வடிவங்கள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். நிறுவனப் பதிவுக்கும் வணிகக்குறிக்கும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை பெயரை வெளியே அறிவிக்காதீர்கள். பலகையும் அறிமுக அட்டையும் கடைசியில் அடிக்கலாம். நான் முதல் தடவை அட்டையைத்தான் முதலில் அடித்தேன், ஆயிரம் அட்டை.

ஏற்கனவே வைத்த பெயர் சரியில்லை என்றால்

மாற்றலாம். 1964இல் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்று தொடங்கிய நிறுவனம்தான் 1971இல் தன் காலணிக்கு நைக்கி என்று வைத்து, பிறகு நிறுவனத்தையே அப்படி அழைத்தது. 1934இல் ‘குவானன்’ என்று பிறந்த கேமரா அடுத்த வருடமே ‘கேனன்’ என்று பதிவானது. தொழில் சின்னதாக இருக்கும்போது மாற்றுவது சுலபம். வருடம் போகப் போகத்தான் கடினமாகும்.

செய்யும் முறை இது. பழைய முகவரியை விடாதீர்கள், புதியதற்குத் திருப்பி விடுங்கள். ஒரு வருடமாவது புதிய பெயருக்குக் கீழே ‘முன்பு இன்ன பெயர்’ என்று சின்ன எழுத்தில் போடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக எழுதுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்று உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். நான் “என் பெயரை உங்களால் சரியாக எழுத முடியவில்லை, தவறு என்னுடையது” என்று எழுதினேன். நிறையப் பேர் பதில் போட்டார்கள். ‘எழிலேடு’ முகவரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிறேன். அந்த வழியாகவும் மாதத்துக்கு ஓரிருவர் வருகிறார்கள். சரியாக எழுதத் தெரிந்தவர்கள்.